மேல் கிட்டார், கீழ் கிட்டார்

மார்ச் 11, 2017. சனி

இன்றைக்கும் ஒருவன் வந்து, "அம்மா, நீங்க யாரோட சம்சாரம்?" என்று கேட்டான்.

கழுத்தில் கிட்டார் தொங்குகிறது. மேடையிலிருந்து அப்போதுதான் இறங்கி வருகிறேன். வேர்வை காயவில்லை. "டிரம்மரோட சம்சாரமா?" என்று அவனே ஊகித்தான். டிரம் அடிக்கிற ஓடெலுக்கு எழுபது வயது!

"நான் வெண்டல் இடத்துல வாசிக்கிறவ" என்றேன்.

"ஓ, வெண்டல்! என்ன மனுஷன் அவரு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு தன் போனை என் கையில் திணித்துவிட்டு, எங்கள் குழுத் தலைவர் ஹாய்ட் பக்கத்தில் போய்த் தோளில் கை போட்டு நின்றான். படம் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேர் தலையையும் வெட்டித்தான் எடுத்தேன்.

மார்ச் 12, ஞாயிறு. பஸ்ஸில்

இன்னும் அடங்கவில்லை. நாலு வருஷமாக இந்தக் குழுவோடு அலைகிறேன். வெண்டல் இறந்த மாதமே என்னைக் கூப்பிட்டார்கள். எதற்காக இன்னும் இருக்கிறாய் டானெட் என்று காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியும். அதுதான் எரிச்சல்.

பதில், 'பாலம்'. பதினோரு நிமிடப் பாட்டு. 1973-ல் வேக்ராஸ் பையன்கள் ஐந்து பேர், ஊர் ஆற்றின் பேரையே குழுவுக்கு வைத்துக்கொண்டு — சட்டில்லா — பதிவு செய்தது. ரயில் பாலத்தின் கீழே தம்பிக்காகக் காத்திருக்கிறவனின் கதை. தம்பி வந்தானா என்று பாட்டு சொல்வதில்லை. அந்த இடத்தில் வார்த்தை நின்றுவிடும். மீதி ஆறு நிமிடமும் கிட்டார்தான். மேல் கிட்டார் ஹாய்ட் ட்ராவிக். கீழ் கிட்டார் வெண்டல். ஒரே மெட்டை ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயுமாகப் பிடித்துக்கொண்டு படியேறுவார்கள். ஆனால் சேர்ந்து ஏறமாட்டார்கள். ஹாய்ட் ஒரு மயிரிழை முந்துவார், வெண்டல் ஒரு மயிரிழை பிந்துவார். யாரோ வருகிறார்கள், இதோ வந்துவிட்டார்கள் என்று நமக்குத் தோன்றிக்கொண்டே இருப்பது அந்த இடைவெளியால்தான். வரவே மாட்டார்கள்.

கல்யாணத்தில் போடுகிறார்கள், சாவு வீட்டில் போடுகிறார்கள். பெட்ரோல் பங்க் கடையில் இந்தப் பாட்டு வந்தபோது, சாமானை வாங்கி முடித்தவன் கதவைத் தள்ளப்போன கையோடு அப்படியே நின்றதைப் பார்த்திருக்கிறேன். முடிந்த பிறகுதான் வெளியே போனான்.

எங்கள் பிளாக்‌ஷியரில் பையன்கள் யாருடைய கராஜில் கூடினாலும் எல்லாருக்கும் மேல் கிட்டார்தான் வேண்டும். கீழே வாசிக்க ஆள் கிடையாது. அதனால்தான் ஒரு பெண்பிள்ளையை உள்ளே விட்டார்கள். பதினாலு வயசில் கீழ் கிட்டாரைப் பிடித்தவள். இன்னும் கீழேதான் இருக்கிறேன்.

மார்ச் 25, சனி

இரண்டாவது பாட்டு தொடங்கும் முன்னால் முன்வரிசையில் ஒருவன் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட பழைய தென்மாநிலங்களின் கொடியை விரித்து ஆட்டினான். ஓடெல் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார். அவர் கறுப்பர் என்பதும், இந்தக் குழுவுக்கு முதல் நாளிலிருந்து டிரம் அடிப்பவர் என்பதும் அந்தக் கொடிக்காரனுக்குத் தெரியாதா என்ன?

ஹாய்ட் மைக்குக்குப் போனார். "தம்பி, அதை மடிச்சு வை. என் டிரம்மருக்கு அதைப் பாக்கப் பிடிக்கல. எனக்கும் பிடிக்கல. மடிக்கிற வரைக்கும் நாங்க சும்மா நிப்போம். எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

கொஞ்சம் பேர் கூச்சல் போட்டார்கள். ஹாய்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் மடித்தான்.

இந்த மனிதர் தன்னை முழுசாக வெறுக்கவும் விடமாட்டார்.

ஏப்ரல் 8, சனி

மேடைக்குப் பின்னால் இருக்கும் டிரெய்லருக்கு ஹாய்ட் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். இடது கையை மடியில் ஒரு துண்டுக்கு அடியில் வைத்திருந்தார்.

"மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்க மாட்டேங்குது" என்றார். "காலையில காப்பிக் கோப்பையக்கூட வலது கையிலதான் தூக்கினேன்."

டாக்டரிடம் போகலாமே என்றேன்.

"டாக்டர் பாட்டு வாசிப்பாரா? இன்னிக்கு ஒரு நாள் நீ சமாளி. மத்த பாட்டையெல்லாம் நான் ரெண்டு விரல்ல ஒப்பேத்திடுவேன். 'பாலம்' முடிவுல மேலயும் கீழயும் சேத்து நீயே வாசிச்சுடு. கர்ட்டிஸ்கிட்ட சொல்லிட்டேன், என் சத்தத்தை அடியோட இறக்கிடுவான்." கர்ட்டிஸ் எங்கள் ஒலிக்காரர். ஹாய்ட் சொன்னால் இடி இடிப்பதைக்கூட இறக்கிவிடுவார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் வாசிக்கிற மாதிரி நிப்பேன்."

"ஜனங்க கண்டுபிடிச்சா?"

"ஜனங்க என்னைத்தான் பாப்பாங்க பொண்ணு. உன்னை யார் பாக்கப் போறாங்க?"

உதவி கேட்கும்போதுகூட ஒரு குத்து. ஆனால் அந்தத் துண்டை அவர் எடுக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் சரி என்றுவிட்டேன். இரண்டு தந்தியைச் சேர்த்து அழுத்தி, மேலும் கீழும் ஒன்றாக, ஆறு நிமிடம். விளக்கெல்லாம் அவர் மேல். நான் ஆம்ப்ளிஃபயர் நிழலில்.

ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். ஹாய்ட் குனிந்து வணங்கினார்.

ஏப்ரல் 9

விரல் நுனி பிளந்திருக்கிறது. ஆனாலும் நேற்று சந்தோஷமாகத்தான் இருந்தது. யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 30, ஞாயிறு

'ஒரு நாள்' முடிந்தபாடில்லை. ஒவ்வொரு ஊரிலும் அதே துண்டு, அதே டிரெய்லர்.

இன்றைக்கு உள்ளூர்ப் பத்திரிகையை ஓடெல் பஸ்ஸில் சத்தமாகப் படித்தார். "அறுபத்தெட்டு வயதிலும் ஹாய்ட் ட்ராவிக்கின் விரல்கள் இளமையாகவே இருக்கின்றன. 'பாலம்' பாட்டின் முடிவை இன்று இவரைப்போல் வாசிக்க வேறு ஆள் இல்லை." அதற்குக் கீழே ஒரு வரி — "பக்கத்தில் ஒரு பெண் துணை நிற்கிறார்."

துணை நிற்கிறேனாம்! விளக்குக் கம்பம்கூடத்தான் துணை நிற்கிறது!

ஹாய்ட் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பைன் மரத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

மே 13, சனி

இன்று கேட்டுவிட்டேன்.

"இது எத்தனை நாளைக்கு ஹாய்ட்?"

"சவன்னா கச்சேரி முடியட்டும்."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா பாக்கலாம்."

"சொல்லிடுங்களேன். கை முடியலன்னா முடியலதான். உங்களை யாரு அடிக்கப் போறாங்க?"

"அவங்க டிக்கெட் வாங்கறது என் கையைப் பாக்க."

"கேக்கறதுக்கு இல்லையா?"

"கேக்கறதுக்கு வீட்ல ரெக்கார்டு இருக்கு" என்றார்.

இதுக்கு மேல என்ன பேசறது? சுவத்துல முட்டிக்கலாம்!

என் பேர் வரவில்லை என்பது மட்டும் இல்லை என் ஆத்திரம். பேர் வராவிட்டால் போகட்டும். பாட்டு செத்துப்போய்விட்டது. இரண்டு தந்தியையும் ஒரே கைதானே அழுத்துகிறது? முந்துவதும் கிடையாது, பிந்துவதும் கிடையாது. மேல் கிட்டாரையும் கீழ் கிட்டாரையும் சிமெண்ட் வைத்துப் பூசின மாதிரி. சுத்தமாக இருக்கிறது. தப்பே இல்லை. ஆனால் யாரும் வருகிற மாதிரி இல்லை. பாலத்துக்கு அடியில் ஒருவன் சும்மா நிற்கிறான், அவ்வளவுதான். இதற்கும் கைதட்டுகிறார்கள்! தெரியவில்லையா? ஒருத்தருக்குமா தெரியவில்லை?

மே 14

ஒருத்தருக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியில் குழம்பை ஊற்றிக்கொண்டே ஓடெல் சொன்னார்: "தங்கச்சி, எனக்கும் காது இருக்கு. இத்தனை வருஷம் நான் டிரம் அடிச்சது அந்த ரெண்டு பேரையும் விலக்கி வெக்கறதுக்கு. முட்டிக்காம பாத்துக்கணும், பிரிஞ்சு போயிடாமலும் பாத்துக்கணும். இப்ப நான் யாரை விலக்கறது?"

"அப்ப அவர்கிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னேன். ரெண்டு நாளா என்கிட்ட பேசல."

ஜூன் 3

சவன்னா முடிந்தது. ஒன்றும் பார்க்கவில்லை.

ஜூலை 4

வாணவேடிக்கை. வெயில். வேகவைத்த வேர்க்கடலை. என் பேரை டானியல் என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, சனி. வேக்ராஸ்

இன்று சாயங்காலம் ஊர்த்திடலில் எங்கள் கச்சேரி. சொந்த ஊர். அதற்கு முன்னால் காலையில் ரேடியோ பேட்டி. ஹாய்ட்டும் நானும் போனோம். போகாமல் இருந்திருக்கலாம்.

அறிவிப்பாளர் நல்ல பையன்தான். ஹாய்ட்டிடம், "இந்த வயசுலயும் 'பாலம்' முடிவை அப்படியே வாசிக்கிறீங்களே, எப்படி?" என்று கேட்டான்.

"தினம் உக்காந்து வாசிக்கணும். குறுக்கு வழி கிடையாது" என்றார் ஹாய்ட். வாய் கூசாமல் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு அவன் என் பக்கம் திரும்பி, "டானெட், உங்களுக்கு ஒரு நாளாவது அந்த மேல் கிட்டாரை வாசிச்சுப் பாக்கணும்னு ஆசை இல்லையா?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஹாய்ட் சிரித்துவிட்டார். "அவளுக்குக் கை சின்னது. கீழ வரைக்கும்தான் எட்டும். ஆனா நல்ல பொண்ணு, குடுத்த வேலையைச் சரியா செய்வா."

மூணு ஜில்லாவுக்கும் கேட்டிருக்கும். எங்கம்மா கேட்டிருப்பா. எங்கக்கா கடையில தலைக்கு ரோலர் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கற அத்தனை பேரும் கேட்டிருப்பாங்க. கை சின்னதாம்! எவ கை? ஏப்ரல்லேர்ந்து எவ கை ஐயா உனக்குச் சோறு போடுது?

வெளியே வண்டியருகில் வைத்துச் சொன்னேன். "ஹாய்ட், இன்னிக்குக் கை சின்னவ கீழ மட்டும்தான் வாசிப்பா."

"விளையாடாதே."

"விளையாடல."

அவர் நம்பவில்லை. கார் கதவைத் திறந்து, "ஏறு, பசிக்குது" என்றார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு. பிளாக்‌ஷியர், அக்கா வீடு

நடந்ததை எழுதிவிடுகிறேன். நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

திடல் நிறைந்திருந்தது. வெயில் தாழ்ந்துவிட்டது. பாட்டு, தம்பி வருவானா என்ற இடத்துக்கு வந்தது. வார்த்தை நின்றது. விளக்கு ஹாய்ட் மேல் போனது. அவர் கையைக் கிட்டார் கழுத்தின் உச்சிக்குக் கொண்டுபோனார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

நான் கீழ் கிட்டாரைத் தொடங்கினேன். அதை மட்டும்.

மேலே ஒன்றும் இல்லை. வெறும் காற்று. வீட்டின் கூரையைத் தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. ஹாய்ட்டின் விரல்கள் சத்தமில்லாமல் தந்தி மேல் அசைந்தன — முதல் சுற்று முழுவதும் அசைந்தன. பிறகு நின்றுவிட்டன. கையைத் தொங்கவிட்டார். அந்த விளக்குக்கு நடுவில், தன் ஊர் ஜனங்கள் முன்னால், ஒரு கிழவராக நின்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்ததாக எழுதினால் பொய். நில்லு, நல்லா நில்லு என்றுதான் நினைத்தேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண், கையில் பாதி தின்ற மக்காச்சோளம், 'லா' என்று மேல் கிட்டாரின் மெட்டை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொண்டான். அடுத்த வரிசை. அதற்கடுத்த வரிசை. இரண்டாவது சுற்று முடிவதற்குள் திடல் முழுக்கப் பாடியது. வார்த்தையே இல்லாத ஆறு நிமிடம் அது. ஒரு சுரம்கூட அவர்கள் விடவில்லை. ஹாய்ட் இருபத்து நாலு வயதில் பதிவின்போது வழுக்கிவிட்ட ஒரு தப்பைக்கூட அப்படியே பாடினார்கள். அத்தனை பேரும் சேர்ந்து பாடுவதால் எல்லாரும் கொஞ்சம் இழுத்தார்கள், பிந்தினார்கள். அதனால் நான் முந்த வேண்டியிருந்தது. நான்! கீழ் கிட்டார்! பல மாதங்களுக்குப் பிறகு இரண்டுக்கும் நடுவில் அந்த இடைவெளி திறந்தது. யாரோ வருகிற மாதிரி இருந்தது. முழங்கை வரைக்கும் புல்லரித்தது. பின்னால் ஓடெல் "அப்படித்தான்! அப்படித்தான்!" என்று கத்திக்கொண்டே அடித்தார்.

முடிந்ததும் எழுந்த சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. அவர்கள் எல்லாரும் ஹாய்ட்டைப் பார்த்துத் தட்டினார்கள். ஹாய்ட் வேண்டுமென்றே மேல் கிட்டாரைத் தங்களுக்கு விட்டுக்கொடுத்தார் என்று நினைத்துவிட்டார்கள்! சொந்த ஊருக்கு அவர் கொடுத்த பரிசாம்!

மேடைக்குப் பின்னால் வந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

"என் ஊர்ல. என் ஜனங்க முன்னால."

"முன்னாடியே சொன்னேனே."

"வெண்டல் இருந்திருந்தா இப்படிப் பண்ணியிருப்பானா?"

"வெண்டல் இருந்திருந்தா ரேடியோ ஸ்டேஷன்லயே உங்க மூக்கை உடைச்சிருப்பாரு."

ஓடெல் சிரித்துவிட்டார். சிரிக்கிற நேரமா அது? ஹாய்ட் அவரையும் முறைத்துவிட்டு என்னிடம், "இனிமே வராதே" என்றார்.

"வரல."

அவ்வளவுதான். நாலு வருஷம்.

ஆகஸ்ட் 10

பத்திரிகையில் தலைப்பு: 'ட்ராவிக்கின் பெருந்தன்மை'. அக்கா டோன்யா அதை ஒளித்து வைத்திருந்தாள். குப்பையில் பார்த்தேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

அக்காவின் அழகு நிலையத்தில் தலை அலசிவிடுகிறேன். இன்றைக்கு மட்டும் இரண்டு பேர், "நாங்களும் அன்னிக்குப் பாடினோம், அழுதுட்டோம், ஹாய்ட்டுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றார்கள். வெந்நீரைக் கொஞ்சம் கூடவே திருப்பிவிட்டேன்.

"உனக்கு இன்னும் கோபமாடீ?" என்று டோன்யா கேட்டாள். "பாட்டு நல்லா வந்துச்சு இல்ல, அப்புறம் என்ன?"

அப்புறம் என்னவா? அதுதானே என் கேள்வியும். அவ்வளவு நன்றாக வந்த பாட்டில் நான் எங்கே இருந்தேன்?

செப்டம்பர் 2

கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அதையும் திட்டுவேன்.

செப்டம்பர் 16, சனி

ஓடெல் வந்தார். புகைபோட்ட மீன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, அதில் பாதியை அவரே தின்றார்.

ஹாய்ட் டாக்டரிடம் போனாராம். விரல் திரும்பாது என்றுவிட்டார்களாம். இந்த மாதக் கச்சேரிகளை ரத்து செய்துவிட்டார். இப்போது தினமும் காலையிலிருந்து வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து கீழ் கிட்டாரை வாசித்துப் பழகுகிறாராம்.

"கீழ் கிட்டாரையா? எதுக்கு?"

"அதுக்கு ரெண்டு விரல் போதும் இல்ல? கழுத்துல ஒரே இடத்துல இருந்துக்கலாம்." ஓடெல் எலும்பை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "ஆனா அவனுக்கு அது தெரியல தங்கச்சி. நாப்பது வருஷம் வெண்டல் பக்கத்துல நின்னிருக்கான். அவன் என்ன வாசிக்கிறான்னு ஒரு நாள் திரும்பிப் பாக்கல. இப்ப உக்காந்துக்கிட்டு வெண்டலைத் திட்டறான். 'இந்தப் பய இப்படியா வாசிச்சான், எனக்குச் சொல்லவே இல்லையே'ன்னு."

நான் சிரிக்கவில்லை. "நல்லா திட்டட்டும்" என்றேன்.

செப்டம்பர் 20, புதன்

ஹாய்ட் போன். ஹலோ இல்லை, எப்படியிருக்கே இல்லை. "மூணாவது சுத்துல வெண்டல் எங்க இறங்குவான்?"

"கேக்கறதுக்கு வீட்ல ரெக்கார்டு இருக்கில்ல?" என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். சந்தோஷமா, ஆத்திரமா? இரண்டுக்கும் எனக்கு ஒரே வேலைதான் போலிருக்கிறது.

செப்டம்பர் 22

மறுபடியும் போன். "ரெக்கார்டுல கேட்டேன். என் சத்தம்தான் கேக்குது. அவன் சத்தம் கேக்கல."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. இவ்வளவு வருஷம் கழித்து இந்த மனிதரிடமிருந்து வந்த உண்மையான வார்த்தை இது ஒன்றுதான்.

"மூணாவது சுத்துல இறங்க மாட்டாரு. அங்கேயே நிப்பாரு. நீங்க இறங்கி வர்ற வரைக்கும் நிப்பாரு" என்றேன். போனை மேஜை மேல் வைத்து, கிட்டாரை எடுத்து, வாசித்துக் காட்டினேன். பிறகு, "டிஃப்டன்ல அடுத்த மாசம் ஒரு கச்சேரி இருக்கு. மேல் கிட்டாருக்கு ஆள் இல்ல" என்றார்.

"மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை வருதா பாருங்களேன்!"

"போன்ல சொன்னா யாருக்குத் தெரியும்?" என்றார்.

"அப்ப எல்லாருக்கும் தெரியற மாதிரி சொல்லுங்க. மைக்ல சொல்லுங்க. இல்லேன்னா நான் தலை அலசிக்கிட்டே இருக்கேன்."

போனை வைத்துவிட்டார்.

செப்டம்பர் 29

போவதா, வேண்டாமா? சொல்லமாட்டார். நிச்சயமாகச் சொல்லமாட்டார். திடல் நிறையப் பேர் பெருந்தன்மை என்று கொடுத்த பட்டத்தை எவன் திருப்பிக் கொடுப்பான்? இருந்தும் மேல் கிட்டாரைத் தினமும் வாசித்துப் பார்க்கிறேன். வெட்கமே இல்லை எனக்கு.

அக்டோபர் 7, சனி. டிஃப்டன்

சொன்னார்.

பாட்டு நடுவில் இல்லை, முன்னாலேயே. ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மைக்கைத் தாழ்த்தினார்.

"என் கை போச்சு" என்றார். "ஏப்ரல் மாசமே போச்சு. அதுக்கப்புறம் 'பாலம்' முடிவுல நீங்க எந்த ஊர்ல கேட்டிருந்தாலும் அது இவ வாசிச்சது. நான் சும்மா நின்னேன். வேக்ராஸ்ல நான் உங்களுக்கு எதையும் விட்டுக் குடுக்கல. என்னால முடியல, இவ வாசிக்க மாட்டேன்னுட்டா, நீங்க பாடிட்டீங்க. அன்னிக்கு ரேடியோல இவ கை சின்னதுன்னு சொன்னேன். என் கை போனதை மறைக்கறதுக்காக அப்படிச் சொன்னேன். இவ பேரு டானெட் க்ரிப்ஸ்."

பிறகு பின்னாலிருந்து ஒருவன், "அப்ப எங்க டிக்கெட் காசைத் திருப்பிக் குடு!" என்று கத்தினான். இன்னொருவன், "வாயை மூடுடா, கேக்கலாம்" என்றான். சில பேர் நிஜமாகவே எழுந்து போனார்கள். ஒரு வயதான அம்மாள் தன் நாற்காலியை மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஹாய்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அதை அவரும் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

நான்? மனசு குளிர்ந்துபோகும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஆறு மாசம் முன்னாடி இதைச் சொல்றதுக்கு என்ன கேடு? இவ்வளவு லேசா இருக்கே, ஒரு நிமிஷ வேலையா இருக்கே! அந்த ஆத்திரத்தோடுதான் மேல் கிட்டாரைத் தொட்டேன். விளக்கு என் மேல் வந்தது. கண் கூசியது. முக்காலியிலிருந்து கீழ் கிட்டார் வந்தது — தடுமாறி, ஒரு இடத்தில் தந்தி இடறி, மறுபடி பிடித்துக்கொண்டு.

நன்றாக வாசித்தோம் என்று சொல்லமாட்டேன். இரண்டு பேர் வாசித்தோம்.

அக்டோபர் 8

யாரும் என்னிடம் போனை நீட்டிப் படம் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு பெண்மணி மட்டும் வந்து, "நீ அவரை அவமானப்படுத்திட்டே" என்றாள். என் பேர் அவளுக்குத் தெரிந்திருந்தது. பேரைச் சொல்லித்தான் திட்டினாள்.

அக்டோபர் 21

இரண்டு ஊர்களில் கச்சேரியை ரத்து செய்துவிட்டார்கள். ஹாய்ட் வாசிக்காத ஹாய்ட் குழு வேண்டாமாம். மீதி ஊர்களில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் பாதிதான். அந்தப் பாதி அசையாமல் உட்கார்ந்து கேட்கிறது.

நவம்பர் 4, சனி. டூபெலோ

மத்தியானக் கச்சேரி. அதற்கு முன்னால் சத்தம் சரிபார்க்கும்போதே ஹாய்ட் பாதியில் நிறுத்தினார். ஊன்றுகோலைத் தரையில் தட்டுகிற மாதிரி குதிகாலால் மேடையைத் தட்டினார்.

"நீ என்ன வாசிக்கறே?"

"மேல் கிட்டார். ரெக்கார்டுல இருக்கற மாதிரி. ஒரு சுரம் மாறாம."

"அதான் கேக்கறேன். அது நான் வாசிச்சது. நீ என்னையே வாசிச்சா நான் யாரு பின்னாடி வர்றது? எனக்குப் பின்னாடி நானே வர முடியுமா?"

"நாலு வருஷமா ஒரு சுரம் மாத்தினாலும் கத்துவீங்களே!"

"அப்ப நான் மேல இருந்தேன். அது வேற."

"என்ன வேற? ஜனங்க அதைக் கேக்கத்தான் வர்றாங்க!"

"பொண்ணு, அதை வாசிச்சப்ப எனக்கு இருபத்து நாலு வயசு. அன்னிக்குக் காலையில பொண்டாட்டி என் துணியெல்லாம் வாசல்ல வீசிட்டா. அந்தக் கோபம்தான் அது முழுக்க. அவ எனக்கு மட்டும்தான் பொண்டாட்டி, உனக்கு என்ன? அந்தச் சண்டையை நீ எதுக்கு வாசிக்கறே? உன் சண்டையை வாசி."

இந்த வருஷம் முழுக்க என்னைத் திட்டியே தீர்த்த ஆள், இப்போது போதுமான அளவு கோபமாக வாசிக்கவில்லை என்று திட்டுகிறார்! என்னிடம் சண்டைக்கா பஞ்சம்?

வாசித்தேன். கச்சேரியில் எங்கே போனேன் என்று எனக்கே தெரியாது. நாலாவது சுற்றில் பழைய மெட்டை விட்டுவிட்டு, ரேடியோ ஸ்டேஷன் வாசலுக்குப் போய், அக்கா கடையின் வெந்நீர்க் குழாய்க்குப் போய், எங்கெங்கோ போய்ச் சுற்றிவிட்டு வந்தேன். முக்காலியில் ஹாய்ட் பல்லைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, என் பின்னாலேயே வந்தார். ஓடெல் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தார். ஜனங்கள் முதலில் முழித்தார்கள். பிறகு எழுந்து நின்றார்கள். எல்லாரும் இல்லை.

இறங்கி வந்ததும் ஆரம்பித்துவிட்டார். "நாலாவது சுத்துல எங்கடீ போனே? ஒரு சைகை காட்டக் கூடாதா? நான் விழுந்திருப்பேன்!"

"நீங்கதானே என் சண்டையை வாசின்னீங்க!"

"வாசின்னேன். என்னை விட்டுட்டு ஓடுன்னா சொன்னேன்?"

"பிடிக்க முடியலேன்னா சொல்லுங்க, மெதுவா வர்றேன்."

"எவனுக்கு முடியல? நாளைக்கு வா, பாக்கலாம்!"

நானும் கத்தினேன், அவரும் கத்தினார். ஓடெல் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்து சீட்டுக்குப் போய்விட்டார். ஊர் திரும்பும் பஸ் பர்மிங்ஹாமைத் தாண்டிவிட்டது. பின் சீட்டிலிருந்து இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். பேனாவை மூடிவிட்டுப் போய்ப் பதில் சொல்ல வேண்டும்.